கண் கெடுமுன்

வகுப்பறையின் வரவுப் பதிவேட்டை நாள்தோறும் விரிக்கும் தொழில் நம்முடையது. பெயரை அழைக்கிறோம், குரல் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி. ஐந்து நிமிட வேலை. ஆயினும் அச்சுழிகளைச் சற்று நின்று வாசிக்கத் தெரிந்த ஆசிரியனுக்கு ஓர் ஊரின் வரலாறே அதில் எழுதப்பட்டிருப்பது புலனாகும். மீன்பாடு நின்ற மாதம், மழை பிந்திய பருவம், வெங்காயம் விலைபோகாத ஆண்டு எல்லாமே அங்கே சுழிகளாகப் பதிந்து கிடக்கின்றன.

பத்தாம் தரத்து மாணவி ஒருத்தியின் பெயருக்கு எதிரே முதலில் மாதத்துக்கு ஒரு சுழி விழுந்தது. அடுத்த தவணையில் வாரத்துக்கு ஒன்று. மூன்றாந் தவணையில் சுழிகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டன. கட்டுரை எழுதுவதில் வகுப்பிலேயே முதல்வரிசையில் நின்ற பிள்ளை அவள். காரணம் அறிய வீடு தேடிச் சென்றோம்.

புத்தளம் உப்பளத்தில் கூலிவேலை செய்த அவளுடைய தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. நாம் படலையைத் திறந்த ஒலி கேட்டு முகத்தைத் திருப்பினார். ஆனால் நாம் நின்ற திசைக்கு அல்ல. தாய் கருவாட்டு வாடியில் நாட்கூலிக்குப் போயிருந்தார். தகப்பனுக்குக் குளிகை எண்ணிக் கொடுப்பதும், கிணற்றடிக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வதும், பஸ்வண்டியின் பெயர்ப்பலகையை வாசித்துச் சொல்வதும் மகளின் பொறுப்பாகிவிட்டிருந்தன. பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலை செல்வது இந்நாட்டில் கட்டாயம். அந்தச் சட்டத்தை அந்தத் திண்ணையில் நின்று எடுத்துரைக்க நமக்கு நா எழவில்லை.

அவருக்குப் பதினொரு ஆண்டுகளாகச் 'சீனி வருத்தம்'. தம்முடைய கிளினிக்குக் கொப்பியைப் புதையலைப் போல உறையிலிட்டு வைத்திருந்தார். வாங்கிப் புரட்டினோம். இரத்தத்தில் சீனி எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, நிறை எவ்வளவு, எந்தக் குளிகை எத்தனை வேளை என்று பதினொரு ஆண்டுகள் எண்களாக நிறைந்திருந்தன. ஒன்றுமட்டும் இல்லை. கண்மணியை விரிக்கும் மருந்துத் துளியை விட்டு அவருடைய கண்ணின் உட்புறத்தை எவரேனும் ஒருமுறை பார்த்ததாக அந்தக் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. பார்வை மங்கியபோது இலவச முகாமொன்றில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அதற்குப் பின் ஒருநாள் விடியற்காலையில் வலக்கண்ணுக்கு முன்னே கறுப்புத் திரையொன்று இறங்கியது. கொழும்புக்கு ஓடினார்கள். வலக்கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். இடக்கண்ணில் எஞ்சியிருந்த மங்கலை லேசர் ஒளியால் காத்துத் தந்தார்கள்.

இஃது ஒரு தனிமனிதரின் தலையெழுத்து என்று இரங்கிவிட்டு வாசகர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாகாது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2018, 2019 ஆம் ஆண்டுகளின் நாடளாவிய ஆய்வோ வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவருக்கு மேல் நீரிழிவாளர் என்று காட்டியது. உடப்பிலிருந்து கற்பிட்டி வரையில் இக்கரையில் வலை இழுப்போரையும், பாத்தி கட்டுவோரையும், மிளகாய்த் தோட்டத்தில் நீர் இறைப்போரையும் எண்ணிப் பாருங்கள். திண்ணையில் திசை தப்பி முகம் திருப்பப்போகும் மனிதர்கள் இன்றைக்கு நம்மிடையே கண் தெரிய நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்நோய் கண்ணைக் கெடுக்கும் முறையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். விளங்காத பகையோடு போரிட முடியாது.

கண்ணின் பின்புறத்தில் உட்சுவராகப் படர்ந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. உலகத்தின் உருவம் விழுவது அதன்மேல்தான். மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்கு உணவூட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் மிகைச் சீனி கலந்த இரத்தம் ஓடும்போது அக்குழாய்களின் சுவர் நலிகிறது. ஆங்காங்கே சிறு குமிழ்களாகப் புடைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. குருதிப் பொட்டுகள் தோன்றுகின்றன. கூர்ந்த பார்வைக்கு நடுவமான பகுதியில் கசிவு தேங்கினால் எழுத்து நெளிகிறது, முகம் கலங்குகிறது. வேறு சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. ஊட்டம் இழந்த விழித்திரை புதுக்குழாய்களை முளைப்பிக்கிறது. அவையோ சுவர் உறுதியற்றவை. சட்டென்று வெடித்துக் கண்ணுக்குள்ளே குருதியைக் கொட்டுகின்றன. தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன. உப்பளத் தொழிலாளியின் கண்ணில் ஒருநாள் விடியலில் இறங்கிய கறுப்புத் திரை ஒரே இரவில் நெய்யப்பட்டதன்று. அதை நெய்யப் பல ஆண்டுகள் ஆயின.

அத்தனை ஆண்டுகளும் அவருக்கு எதுவும் வலிக்கவில்லை, நன்றாகத்தான் பார்த்தார். இந்நோயின் வஞ்சகம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. காலில் முள் தைத்தால் உடனே குனிந்து பார்க்கிறோம். விழித்திரையிலோ வலியுணர்த்தும் நரம்பு கிடையாது. பார்வை குறைந்த பின் வைத்தியரிடம் போவோம் என்று காத்திருப்பவர், கரைவலையின் மடியில் மீன் சேர்ந்து முடியும்வரை வலை விரித்ததே தெரியாதிருக்கும் மீனை ஒத்தவர். நீரிழிவு தொடங்கி இருபது ஆண்டுகளில், இளம்வயதில் வரும் முதல்வகையினரில் ஏறத்தாழ எல்லோருக்கும், இரண்டாம் வகையினரில் பாதிப்பேருக்கு மேலும் விழித்திரையில் ஏதேனும் ஓரளவு கேடு காணப்படும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

ஆயினும் அஞ்சி ஒடுங்குவதற்குக் காரணமில்லை. இக்குருட்டைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதும் நேற்றைய கண்டுபிடிப்பன்று. 1976 இல் அமெரிக்க நாட்டு ஆய்வொன்று, முற்றிய நிலையிலும் உரிய காலத்து லேசர்ச் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று நிறுவியது. 1993 இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வு, முதல்வகை நீரிழிவாளர் சீனியைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரைக் கேடு தோன்றும் வாய்ப்பு முக்காற்பங்கு குறைவதைக் காட்டியது. 1998 இல் பிரித்தானிய ஆய்வு இரண்டாம் வகையினருக்கும் இவ்வுண்மையை உறுதிப்படுத்தியதோடு, இரத்த அழுத்தத்தை அடக்குவதும் கண்ணைக் காக்கும் என்று தெளிவாக்கியது. இப்போது கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்துகளும் வந்துவிட்டன. புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட பெவசிசுமாப் என்னும் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் குறைந்த செலவில் உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். கண்ணில் ஊசியா என்று நடுங்க வேண்டா. மரத்துப்போகச் செய்யும் துளியை விட்ட பின்னரே ஊசி இடுகிறார்கள்.

அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இருந்தும் நாற்பத்தாறு வயது மனிதர் திண்ணையில் இருத்தப்பட்டிருக்கிறார். எனவே குற்றவாளிகளைத் தேடத்தான் வேண்டும்.

முதலாவது குற்றவாளி விதிவாதம். "வயதானால் கண் மங்கத்தானே செய்யும்" என்பார் ஒருவர். "உப்பு வெயில் கண்ணைத் தின்றுவிட்டது" என்பார் மற்றொருவர். வெள்ளைவெளேரென்ற உப்புப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணுக்குக் கெடுதி என்பது மெய்யே. வெண்விழியில் சதை வளர்வதற்கும் புரை விரைவில் விழுவதற்கும் அது துணைபோகிறது. ஆனால் விழித்திரைக் குழாய்களை வெடிக்கச் செய்தது வெயில் அன்று. மெய்யான ஒரு காரணத்தின் நிழலில் அதனினும் பெரிய காரணமொன்று ஒளிந்துகொள்கிறது. இன்னுமொரு கூட்டத்தார் 'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா' என்று பழமொழி சொல்லிச் சிரிப்பார்கள். கண் இருந்தபோது இவருக்குச் சூரியன் இன்ன திசையில் இருக்கிறது என்று காட்டியவர் யார்? அந்தக் கேள்வியை அவர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை.

இரண்டாவது குற்றவாளி இரகசிய மருந்து வணிகம். வாரச்சந்தையில் ஒலிபெருக்கி வைத்து நடந்த இவ்வணிகம் இன்று கைத்தொலைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. "நாற்பது நாளில் சீனி வேரோடு போகும், குளிகையை இன்றே எறியுங்கள்" என்று முழங்குகிறார்கள். பாகற்காயையும் கொவ்வையிலையையும் உணவாக உண்பதை நாம் பழிக்கவில்லை. நம்முடைய அன்னையர் சமைத்தவை அவை, நல்ல உணவுகள். குளிகையை நிறுத்தச் சொல்லும் வாயைத்தான் பழிக்கிறோம். அந்த நாற்பது நாளில் சீனி வேரோடு போவதில்லை. நோயாளியின் கைக்காசுதான் வேரோடு போகிறது. தமிழ் மருத்துவத்தின் பெயரால் இதைச் செய்வோருக்கு ஒன்று சொல்வோம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தியது நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து அறிந்து பின்னர் செயற்படுவதையே. நோயாளியின் முகத்தையே காணாமல் புட்டி விற்கச் சொல்லி எந்த அதிகாரத்திலும் அவர் எழுதவில்லை.

மூன்றாவது, மூக்குக்கண்ணாடித் தருமம். தேர்தல் நெருங்கினால் பாடசாலை மண்டபங்களில் கண் முகாம்கள் முளைக்கின்றன. பெயர்ப்பதாகை, மாலை, நிழற்படம், உரை. இறுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி. நம் மண்டபக் கதிரைகளை அடுக்கிக் கொடுத்து நாமும் இவற்றுக்குத் துணைநின்றிருக்கிறோம். கண்ணாடி வேண்டியவருக்குக் கண்ணாடி கொடுப்பது நற்பணியே. ஆனால் நீரிழிவாளரிடம் சீனி ஏறியிறங்கும்போது கண்வில்லையும் வீங்கித் தணிகிறது. கண்ணாடியின் எண்ணும் உடன் மாறுகிறது. சீனி அடங்காத நிலையில் அளந்து கொடுத்த கண்ணாடி சில வாரங்களில் பயனற்றுப் போகக்கூடும். அதனினும் கொடிய விளைவொன்று உண்டு. "கண்ணைக் காட்டிவிட்டேன், கண்ணாடியும் தந்துவிட்டார்கள்" என்ற பொய்யமைதி அவர் உள்ளத்தில் குடிகொள்கிறது. அந்த அமைதியின் மறைவில் விழித்திரை கசிந்துகொண்டே இருக்கிறது. எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்வது வேறு. கண்ணின் அடித்தளத்தைப் பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாத முகாமில் நீரிழிவாளருக்குக் கண் பரிசோதனை நடந்ததாகச் சொல்வது பொய்.

நான்காவது, உபதேசிகள். "நாக்கைக் கட்டத் தெரியாதவர்கள், தின்று கெடுகிறார்கள்" என்பது இவர்களுடைய தீர்ப்பு. படித்தவர் கூட்டத்தில் இக்குரல் மிகுதி. உழைப்பாளியின் உணவை இவர்கள் ஒருநாளேனும் உண்டு பார்த்தவர்களா? விடியுமுன் சீனி கலந்த வெறுந்தேநீர். பத்து மணிக்குப் பாண். பகலில் மலைபோல் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். உடல் முறிய உழைப்பவனுக்கு மலிவாகப் பசியாற்றுவது இதுதான். தான் பிடித்த நல்ல மீனை விற்றுவிட்டு மாவும் சீனியும் வாங்கிவரும் மீனவனைப் பார்த்து 'உணவில் நிதானம் வேண்டும்' என்று சொல்ல எவருக்குத் தகுதி உண்டு? கற்பிட்டி மண்ணில் விளையும் மரக்கறி லொறியேறிப் போய்விடுகிறது; அதை விளைவித்தவளின் சட்டியில் அது கொதிப்பது குறைவு. 2016 இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் குறிக்கும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் சிவப்புப் போத்தல் மலிவாகவும் கீரையும் பருப்பும் விலையேறியும் இருக்கும் சந்தையில் நிறம் என்ன செய்யும்? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்துக்கு வந்த முஸ்லிம் மக்களை நினைத்துப் பாருங்கள். வயலையும் கடலையும் பிடுங்கிக்கொண்டு, நிவாரண அரிசியையும் மாவையும் சீனியையும் கையில் கொடுத்து ஆண்டுக்கணக்கில் முகாமில் இருத்தினால் உடம்பு என்ன ஆகும்? அவர்களிடம் போய் நாக்கைக் கட்டச் சொல்வதா?

உணவைச் சீர்ப்படுத்த வேண்டும், நடக்க வேண்டும், புகையை விட வேண்டும். இவற்றை நாம் மறுக்கவில்லை. சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் பயற்றையும் கூட்டுவதும், தேநீரில் சீனியை விடுவதும் இயன்றவரையில் எல்லோரும் செய்யத் தக்கவையே. அறிவுரையை மருத்துவ வசதிக்குப் பதிலாக நீட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

ஐந்தாவதும் பெரியதுமான குற்றவாளி நம் ஏற்பாடுகளின் அமைப்பு. வைத்தியரையும் தாதியரையும் நாம் குறைகூற முன்வரவில்லை. காலை முதல் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் வைத்தியருக்கு ஒரு நோயாளியிடம் செலவிடச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அவர் சீனியைப் பார்க்கிறார், குளிகை எழுதுகிறார். கண்ணைப் பார்ப்பதற்கு வேறொரு நாள், வேறொரு வரிசை, பலவேளைகளில் வேறொரு நகரம். அந்த 'வேறொரு நாள்' ஏழைக்கு என்ன விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கண்மணியை விரிக்கும் துளி விட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை கலங்கும், வெயில் கூசும். தனியே திரும்பி வர முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். ஆகவே ஒரு பரிசோதனைக்கு இரண்டு பேருடைய நாட்கூலி போகிறது. கற்பிட்டி முனையிலிருந்து வருபவர் பாலாவிச் சந்தி வரை வந்து அங்கிருந்து புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ கொழும்புக்கோ வண்டி மாற வேண்டும். பத்தலங்குண்டுத் தீவில் வாடியடித்துத் தொழில் செய்பவருக்குப் பஸ்வண்டிக்கு முன்னே படகும் வேண்டும். இரண்டு கூலி, பயணச்செலவு, ஒருவேளை உணவு. போய்ச்சேர்ந்தால் "அடுத்த மாதம் வாருங்கள்" என்ற சீட்டு. இலவச வைத்தியம் என்று சொல்கிறோம்; வாசலுக்கு உள்ளே இலவசந்தான். அந்த வாசலை அடைவதற்கே ஒரு வாரத்து அரிசி போய்விடுகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, வெளியில் வாங்க இயலாது குளிகையைப் பாதியாக உடைத்து விழுங்கியவர்களை நாம் அறிவோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. தமிழ் பேசும் தாயொருத்தியின் கைக்கு வரும் சீட்டோ பலவேளைகளில் அவளால் வாசிக்க முடியாத எழுத்தில் வருகிறது. 'கண் பிரிவுக்குச் செல்க' என்று எழுதப்பட்ட துண்டொன்று, வாசிக்க ஆளின்றி மூன்று மாதம் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்ததை நம் கண்ணால் கண்டோம். புரியாத மொழியில் கொடுத்த அறிவுரை கொடுக்காததற்குச் சமம்.

"நமதோ வறிய நாடு, இவ்வளவுக்கும் பணம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விடை சொல்வோம்.

இந்நாடு 1945 இல் கல்வியை இலவசமாக்கியபோது செல்வத்தில் புரண்ட நாடு அன்று. இலவச வைத்தியமும் அப்படியே வந்தது. 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964 முதல் இத்தீவில் இறந்தோரின் கண்களிலிருந்து எடுத்த கருவிழிப் படலங்கள் கடல்கடந்து அயல்நாட்டார் பலருக்கு ஒளி கொடுத்துவருகின்றன. இதைப் பெருமையோடு சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். ஆனால் அதனோடு ஓர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானமாகக் கொடுக்கக்கூடியது கண்ணின் முகப்பிலுள்ள கருவிழிப் படலம் மட்டுமே. நீரிழிவு தின்றழிப்பது விழித்திரையை. அதை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை இல்லை. உலகுக்கே கண் கொடுத்த நாடு தன் உப்பளத் தொழிலாளிக்கு ஒரு கண்ணையும் திருப்பிக் கொடுக்க முடியாது. கெடுமுன் காப்பது ஒன்றே வழி.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். 1976 இல் மதுரையில் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவமனை போகவேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறி. வண்டியில் கமராவை ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுசென்று, நீரிழிவாளரின் விழித்திரையைப் படம்பிடித்து, படத்தை நகரத்து மருத்துவருக்கு அனுப்பி, நோயாளி அங்கிருக்கும்போதே முடிவைச் சொல்லும் முறையை அவர்கள் நடத்திக்காட்டினர். படம்பிடிக்கக் கண் மருத்துவர் வேண்டியதில்லை; பயிற்சி பெற்ற இளைஞர் போதும். 2016 இல் வெளியான ஆய்வொன்று, இத்தகைய படங்களில் கேட்டைக் கண்டறியக் கணினியையே மருத்துவர்க்கு நிகராகப் பழக்கலாம் என்று காட்டியது. அதற்குத் துணைநின்ற மருத்துவமனைகளுள் மதுரை அரவிந்தும் சென்னைச் சங்கர நேத்ராலயாவும் இருந்தன.

இங்கிலாந்தை நோக்குங்கள். 2003 முதல் அங்கே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட நீரிழிவாளரைப் பெயர்சொல்லி அழைத்து விழித்திரையைப் படம்பிடிக்கும் தேசியத் திட்டம் கட்டியெழுப்பப்பட்டது. 2014 இல் வெளிவந்த கணக்கெடுப்பு, உழைக்கும் வயதினரின் குருட்டுக்கு அரை நூற்றாண்டாக முதற்காரணமாயிருந்த நீரிழிவு விழித்திரைக் கேடு அவ்விடத்தை இழந்துவிட்டது என்று தெரிவித்தது. அங்குள்ளோர் நம்மைவிட நாக்கைக் கட்டினார்கள் என்பதால் வந்த வெற்றி அன்று இது. நோயாளி தேடி அலையாமல் ஏற்பாடு நோயாளியைத் தேடி வந்தது. சிகிச்சை உரிய வேளையில் கிட்டியது.

பணம் இல்லை என்பவர்கள் மற்றக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரு மனிதனின் இருபது ஆண்டு உழைப்பு, மனைவி இரட்டிப்பாகச் சுமக்கும் பாரம், படிப்பை விடும் ஒரு பிள்ளை. கமராவின் விலையை எழுதும் அதே பக்கத்தில் இவற்றையும் எழுதுக. கணக்குப் புத்தகத்தில் ஏழையின் கண் செலவுப் பக்கத்தில் ஏறுவதேயில்லை. அதனால்தான் அது மலிவாகத் தோன்றுகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. நீரிழிவுக் கிளினிக்கு நடக்கும் வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் விழித்திரையைப் படம்பிடிக்கும் கமராவும் அதற்குப் பழக்கப்பட்ட ஒருவரும் இருத்தல் வேண்டும். குளிகை வாங்க வந்த அதே நாளில், அதே கூரையின்கீழ் கண்ணும் பார்க்கப்படல் வேண்டும். கிளினிக்குக் கொப்பியில் சீனிக்கும் அழுத்தத்துக்கும் ஒரு நிரல் இருப்பதுபோல் கண்ணுக்கும் ஒரு நிரல் வேண்டும். அது ஓராண்டு வெறுமையாகக் கிடந்தால் கேட்பாரும் வேண்டும். கடல் கொந்தளித்து மீனவர் கரையில் இருக்கும் மாதங்களில் கமரா ஏற்றிய வண்டி கடற்கரைக் கிராமங்களுக்கு வரல் வேண்டும். லேசரும் ஊசியும் தேவைப்படுவோர்க்குத் தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போகலாகாது. வறியவருக்குப் பயணச்செலவும் தரப்படல் வேண்டும். சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் நோயாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல.

அவை வரும்வரை நாம் கைகட்டி நிற்பதா? நீரிழிவாளர் ஒவ்வொருவரும் இன்றே மனத்தில் பதிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு என்று அறிந்த உடனேயே முதலாவது விழித்திரைப் பரிசோதனை நடத்தல் வேண்டும். ஏனெனில் அந்நோய் அறியப்படுமுன்பே ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருந்திருக்கக்கூடும். முதல்வகையினருக்கு ஐந்தாண்டுக்குள். பின்னர், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி ஆண்டுக்கொருமுறை. நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் காலந் தாழ்த்தாது கண்ணைக் காட்டல் வேண்டும்; கருக்காலத்தில் கேடு விரைந்து முற்றலாம். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை உரிய காலங்களில் கேட்டுச் செய்வித்துக்கொள்க. அழுத்தத்துக்கான குளிகையைச் 'சுகமாகிவிட்டது' என்று நிறுத்தற்க. நோன்பு நோற்பவர் மாதம் பிறக்குமுன்பே மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்க. கண்முன்னே திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, சிலந்திவலை தொங்குவதுபோல் தோன்றினாலோ, திரை இறங்கினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ அன்றே புறப்படுக. சந்தை நாளும் கூலி நாளும் பார்த்திருக்க வேண்டா. லேசர் போன பார்வையை மீட்பதற்கென்று எண்ணி ஏமாறவும் வேண்டா. பெரும்பாலும் எஞ்சியதைக் காப்பதே அதன் வேலை. முந்திப் போனவருக்கே அதனால் முழுப்பயன்.

இறுதியாகக் குற்றவாளிகளின் பட்டியலில் ஒரு பெயர் எஞ்சியிருக்கிறது. அது நம்முடையது. ஆண்டுதோறும் உயிரியல் பாடத்தில் கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைவிக்கிறோம். விழித்திரை எங்கே என்று கேட்டால் மாணவர் அம்புக்குறி இட்டுக் காட்டுவர். முழுப் புள்ளியும் பெறுவர். அந்தப் படத்துக்கும் தம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் தகப்பனின் கண்ணுக்கும் தொடர்பு உண்டென்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. தமிழ்ப் பாடத்தில் இரப்போர்க்குக் கண்ணையே ஈந்தவர்களின் கதைகளை உருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். இருக்கும் கண்ணைக் காக்கும் வழியை ஒரு கட்டுரைத் தலைப்பாகக்கூடக் கொடுத்ததில்லை. கோயில் திருவிழாவிலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த முற்றத்திலும், ஞாயிறு பூசை கலையும் வாசலிலும் ஆயிரக்கணக்கானோர் கூடும் கரை இது. அங்கெல்லாம் ஒரு செய்தியை ஐந்து நிமிடம் சொல்ல எந்தச் சட்டம் தடுத்தது? எழுத்தாளர்களாகிய நாமும் உழைப்பவனின் வியர்வையைப் பாடினோமேயன்றி அவன் கிளினிக்குக் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை.

இவ்வாண்டு நம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தோம். வீட்டில் நீரிழிவுள்ளோரின் கொப்பியை வாங்கிக் கண்ணைப் பற்றிய வரி ஏதேனும் உண்டா என்று பார்த்துவரச் சொன்னோம். மறுநாள் கைகள் உயர்ந்தன. வரி இருப்பதாகச் சொல்ல உயர்ந்தவை மிகச்சில. மற்றப் பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். அப்பார்வைக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டமும் இந்த நாடும் விடை சொல்லியாக வேண்டும்.

அந்த மாணவி இன்னும் திரும்பவில்லை. மாலையில் அவளுடைய வீட்டுக்குப் பாடக்குறிப்புகளைத் தோழியர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தகப்பனார் அவளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். பதிவேட்டில் அவளுடைய பெயரை நாம் வெட்டவில்லை. நாள்தோறும் அதை அழைக்கிறோம்.